வாத்தியார் வாய் திறக்காத நாற்பது நாள்

“பதினெட்டு வருசமா வாத்தியார் வேலை பாக்குறேன். இந்த வாயால ‘படிப்பு வராது’ன்னு நான் சொன்ன புள்ளைகள்ல ஒண்ணுக்காவது பொறவு படிப்பு வந்துருக்கா? ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க பாப்போம்!”

ஊசிக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் கந்தப்பன் அவர்கள், 1913ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, பெரிய கங்காணி வீட்டு வாசலில், இரண்டாவது கிண்ணம் பொங்கலுக்கும் மூன்றாவது கிண்ணத்துக்கும் நடுவே இவ்வாறு அறிவித்தார். கூடியிருந்தவர்கள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்கள். ஒருவராலும் ஒரு பிள்ளையையும் காட்ட முடியவில்லை. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அவர் வராது என்று சொன்ன எந்தப் பிள்ளைக்கும் படிப்பு வந்ததே கிடையாது. அது எப்படி என்று கேட்க ஒருவர் வாயெடுத்ததாகத் தெரிகிறது. ஆனால் மூன்றாவது கிண்ணம் வந்துவிட்டது.

இலங்கையில், நமுனுகுல மலையின் மேற்குச் சரிவில், மாதத்தில் இருபது நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கும் தேயிலைத் தோட்டம் ஊசிக்கல். அங்கே கந்தப்பன் வாத்தியாரைத் தெரியாதவர் இல்லை. மேகத்துக்குள் ஆள் தெரியாவிட்டாலும் குரல் கேட்கும். கறுப்புக் கோட்டு ஒன்றும் கறுப்புக் குடை ஒன்றும் அவருக்கு உண்டு. குடை பதுளைக் கடைவீதியில் வாங்கியது. அந்தக் குடைக்குள் இன்னொரு உயிருக்கு அவர் இடம் கொடுத்ததில்லை. பெரிய கங்காணியின் மனைவிகூட ஒருமுறை கொட்டும் மழையில் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே போனாள்.

ஆசிரியராவதற்கு முன் அவர் தோட்டத்தில் பேர் எழுதும் வேலையில் இருந்தவர். விடியற்காலையில் தப்பு அடித்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டில் அவர் கற்றுக்கொண்ட கலை ஒன்று உண்டு. நாள் முழுக்க வேலை செய்தவருக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. பிந்தி வந்தவருக்கும் கொழுந்து குறைந்தவருக்கும் அரைப்பேர். பெரட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, கையோடு கொண்டுவந்த ஒரே கல்வி முறை இதுதான். ஒரு பிள்ளை வாசலில் கால் வைத்து, உள்ளே வந்து, உட்காருவதற்குள் அதன் மூளையை அளந்து, பதிவேட்டில் அதன் பேருக்குப் பக்கத்தில் முழுப்பேர் அல்லது அரைப்பேர் என்று எழுதிவிடுவார். தோட்டத்துக் கணக்கில்கூட இல்லாத கால்பேர் என்ற ஒன்றை அவரே கண்டுபிடித்துச் சேர்த்தார். பென்சில் எழுத்து அழியும் என்பதால் எல்லாவற்றையும் மையால் எழுதினார்.

அளவுகோல் எளிமையானது. தலை வாரி எண்ணெய் வைத்திருந்தால் முழு. மூக்கு ஒழுகினால் அரை. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தால் கால்.

லெட்சுமி சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே முழுப்பேர்கள் முன்னால் பெஞ்சில் இருந்தார்கள்; அரைப்பேர்கள் நடுவே பாயில்; கால்பேர்கள் பின்னால் வெறுந்தரையில், மூங்கில் தட்டியோரம். தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்பவள் கருப்பம்மா. முப்பத்தைந்து வயது. நான்கு வருஷத்துக்கு முன் கொழுந்துக் கூடையோடு கானுக்குள், மலைச்சரிவின் வடிகாலுக்குள், வழுக்கி விழுந்து வலது கால் முறிந்ததால், மலை ஏற முடியாமல் இந்த வேலைக்கு வந்தவள். இருபத்திரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாக மேய்த்தாள்.

தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நாள் முழுக்க வரும் ஒலி இது: “ஒன் மண்டைக்குள்ள என்னடா, ஈரக் கொழுந்தா? ஒங்கப்பனுக்கும் வரல, ஒனக்கும் வராது. உக்காரு!”

அந்தப் பக்கமிருந்து வரும் ஒலி: “வுழுந்துட்டியா? சரி சரி, எந்திரி ராசா. நேத்து ரெண்டு எட்டு வச்ச. இன்னைக்கு மூணுல்ல!”

முன் பெஞ்சுக்காரர்களுக்குத் திட்டு கிடையாது. முச்சந்தியில் கடை வைத்திருந்த ஹாஷிம் நானாவின் மகன் ஹுமைத்தான் அந்தப் பெஞ்சின் தலைமகன். “இவன் தாய் வயித்துலயே படிச்சுட்டு வந்தவன்!” என்று வாரத்துக்கு இருமுறையாவது வாத்தியார் சொல்வார். இந்தப் பெருமையைக் காப்பாற்ற அந்த ஒன்பது வயதுப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் கடினமான கணக்கு ஏதாவது பலகையில் ஏறினால் உடனே அவனுக்கு வயிறு வலிக்கும். தப்பாகப் போட்டால்தானே தாய் வயிற்றுப் படிப்பு பொய்யாகும்? போடாவிட்டால் ஆகாதல்லவா?

லெட்சுமிக்குப் பத்து வயது. இரண்டு வருஷமாகத் தட்டியோரம் இருந்தாள். சிலேட்டில் எழுதியதைவிட, தட்டிக்கு மேலே கருப்பம்மா நீட்டும் குழந்தைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதுதான் அதிகம். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதைக் கருப்பம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“அக்கா, வாத்தியாரய்யா அந்தப் பெரிய பொஸ்தகத்தப் பாத்துப் பேர் கூப்புடுறாருல்ல? அதுல என் பேரு எப்படி இருக்கும்னு ஒரு தடவ நானே படிச்சுப் பாக்கணும்.”

தை மாதக் கடைசியில் அவள் தகப்பன் இராசையா பள்ளிக்கூடத்துக்கு வந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“வாத்தியாரய்யா, நீங்கதான் வராதுன்னுட்டீங்க. பொறவு எதுக்கு இவ இங்க உக்காந்து தரையத் தேய்க்கணும்? சித்திரை பொறந்து மொதப் பெரட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்.”

“தாராளமா” என்றார் கந்தப்பன். “நான் சொன்னா சொன்னதுதான்.”

மடியில் இருந்த குழந்தையின் விரலை லெட்சுமி எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இந்நிலையில்தான் மாசி மாதம் வந்தது. அதோடு காமன் கூத்தும் வந்தது. மன்மதனை ஈசன் நெற்றிக்கண்ணால் எரிக்கும் கட்டம்தான் கூத்தின் உச்சம். அந்த ஈசன் வேஷத்தை வாத்தியார் வேறு எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முந்தின வருஷம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஈசன் நன்றாகக் கர்ஜித்ததாக யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். எனவே இந்த வருஷம் அவர் கர்ஜித்த கர்ஜனையில், மன்மதன் வேஷம் போட்டவன் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே விழுந்துவிட்டான். ரதி அழ மறந்தாள். மறுநாள் காலை எழுந்து மனைவியிடம் காப்பி கேட்ட வாத்தியாருக்கு வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார். ரயில் பதுளைக்கு வர இன்னும் பத்துப் பதினோரு வருஷம் இருந்தது. டாக்டர் தொண்டைக்குள் கரண்டியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே பேச்சு: நாற்பது நாள் ஒரு சொல் பேசக் கூடாது, பேசினால் பிறகு ஆயுளுக்கும் பேச்சு இருக்காது.

நாற்பது நாள் என்றதும் அந்த மனிதர் பட்ட துயரத்தை யாரும் எழுதிக் காட்டிவிட முடியாது.

முதல் நாள் அவர் சிலேட்டில் எழுதிப் பாடம் நடத்த முயன்றார். சிலேட்டில் ‘முண்டமே, எழுந்திரு’ என்று எழுதிப் பின் வரிசைக்குக் காட்டினார். பின் வரிசை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்குத் தம் கல்வி முறையில் இருந்த ஒரு சிறு குறை புலப்பட்டது. திட்டு வாங்க வேண்டியவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களைத் திட்ட வேண்டியதில்லை. ஆக, அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அகப்பட்ட ஒரே வாய் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நடுத்தட்டியில் இரண்டு மூங்கிலை உருவினார்கள். கருப்பம்மா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரு குழந்தைகளோடு அந்த இடைவெளியில் வந்து நின்றாள். வாத்தியார் சைகை காட்டுவார். அவள் அதைப் பேச்சாக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் சைகை: கால்பேர்க்காரன் ஒருவன் ‘க’ எழுதினான். அதைப் பார்த்த வாத்தியார் தம் நெற்றியில் தட்டி, கையை விரித்து, வாசலைக் காட்டினார். ஈசனாகப் பதின்மூன்று வருஷம் ஆடியவர். அந்த அபிநயத்துக்கு விளக்கம் தேவையே இல்லை.

கருப்பம்மா விளக்கினாள்: “வாத்தியாரய்யா சொல்றாரு, நெத்திய நிமித்தி நல்ல வெளிச்சத்துல வச்சு எழுதிப் பாருன்னு. நேத்து வால வுட்டுட்டியாம், இன்னைக்குப் புடிச்சுட்டியாம். இன்னும் கொஞ்சந்தானாம்.”

பையன் வெளிச்சத்துக்குப் போனான். வாத்தியார் திகைத்து, மேசையை ஓங்கித் தட்டினார்.

“பாத்தியா? மேசையத் தட்டுறாரு. அம்புட்டுச் சந்தோசம் அவருக்கு!”

அவர் பல்லைக் கடித்தார். “சிரிக்கிறாரு பாரு!” என்றாள். அவர் கருப்பம்மாவைப் பார்த்து விரலை ஆட்டினார். அவள் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி, “என்னையும் கத்துக்கச் சொல்றாரு. யாராச்சும் எனக்குச் சொல்லிக் குடுங்க சாமி. இது எப்படிப் போடுறது?” என்றாள்.

பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி லெட்சுமி. சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் தனக்கே பாதி தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரியாத பாதியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டாள். அதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்தில் பின் வரிசை கேள்வி கேட்டதாகப் பதிவு இல்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டபின் வாத்தியார் கருப்பம்மாவை நிறுத்தி, சிலேட்டில் கோபமாக நாலு வரி எழுதி நீட்டினார்.

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேய்யா” என்றாள் அவள் பணிவாக. “ஆனா நல்லாருக்கு. எழுத்து குண்டு குண்டா அழகா இருக்கு.”

இரண்டாம் வாரத்தில் விபரீதங்கள் தொடங்கின. அரைப்பேர்க்காரர்கள் கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழாமல் இருந்தார்கள். “எங்க வழுக்குச்சுன்னு பாரு. நான் கானுல வுழுந்தேன்ல, எந்தக் கல்லு வழுக்குச்சுன்னு தெரிஞ்சவதான் அடுத்த தடவ அதுல கால் வைக்க மாட்டா” என்று கருப்பம்மா சொல்ல, அவர்கள் சிலேட்டுக்குள் வழுக்குக்கல்லைத் தேடினார்கள். ஹுமைத் ஒரு நாள் பெருக்கல் ஒன்றைத் தப்பாகப் போட்டான். வாத்தியார் அதிர்ச்சியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வாத்தியாரய்யா உக்காந்துட்டாரு” என்றாள் கருப்பம்மா. “நீ சரியாப் போடுற வரைக்கும் அவரு காத்திருப்பாராம். அவசரம் இல்லையாம்.”

ஹுமைத் மூன்று முறை தப்பாகவும் நாலாம் முறை சரியாகவும் போட்டான். அன்று தொட்டு அவனுக்கு வயிற்றுவலி வரவில்லை. கடையில் ஓமத்தண்ணி வியாபாரம் ஒரு போத்தல் குறைந்ததை ஹாஷிம் நானாவே கவனித்தார்.

லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் தட்டியோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டவள் அவள். கேட்டது உள்ளே எங்கேயோ மூட்டையாகக் கிடந்தது. அவிழ்க்க யாரும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும், “இன்னைக்கு என்னடி புதுசாப் புடிச்ச?” என்று கருப்பம்மா கேட்டாள். ஒன்றாவது பிடித்துவைக்க வேண்டியிருந்தது. அடுப்புக்கரியால், அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவரில் எழுதினாள். அழித்தாள். எழுதினாள். இராசையா வேலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்துவிட்டு, “சித்திரை வரைக்குந்தான்” என்றான். முச்சந்திக் கடையில் புதுக் கொழுந்துக் கூடை ஒன்றும் வாங்கி வைத்திருந்தான்.

இருபத்தாறாம் நாள், வெற்றிலை வாங்க ஹாஷிம் நானாவின் கடைக்கு வாத்தியார் வந்தார். அதிமதுரமும் கற்கண்டும் பனிக்காற்று இல்லாத பத்து நாளும் சேர்ந்து டாக்டரின் கணக்கை முந்திவிட்டன என்பது அவருக்கே அங்கேதான் தெரிந்தது. காலில் அட்டை ஏறியது.

“சனியனே!” என்றார், முழுக் குரலில்.

ஹாஷிம் நானா தராசைக் கீழே வைத்தார். “வாத்தியார்! சத்தம் வந்தீக்கே!”

“மெதுவா, நானா, மெதுவா!” வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துக் கிசுகிசுத்தார். “யாருட்டயும் சொல்லிப்புடாதீங்க.”

“ஏன் வாத்தியார்? நல்ல சேதிதானே? நாளைக்கே பழைய மாதிரி ஏசலாமே!”

வாத்தியார் வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நாளைக்குக் காலைல அந்தப் பின் வரிசைப் பயலுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே கேக்கணும்போல இருக்கு, நானா.”

“நீங்க சொல்லப் போறத நீங்களே கேக்கணுமா?”

“கருப்பம்மா வாயால” என்றார்.

ஹாஷிம் நானா வெகுநேரம் சிரித்தார். பிறகு, “என் மகன் நேத்துத் தப்பாப் போட்ட கணக்க வீட்டுல கொண்டாந்து உம்மாக்குக் காட்டுறான் வாத்தியார், பெருமையா” என்றார். ரகசியத்தை அவர் காப்பாற்றினார். மனைவி லரீபாவிடம் மட்டும் சொன்னார்; அவள் தங்கையிடம் மட்டும் சொன்னாள்; ஆக, சித்திரைக்குள் தோட்டம் முழுவதும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்த ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் வாத்தியாரின் சைகைகளில் ஒரு மாற்றம் தெரிந்ததாகப் பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள். வாசலைக் காட்டுவது நின்றது. யாராவது எழுதியதைக் காட்டினால் குனிந்து பார்ப்பார்; பிறகு கருப்பம்மாவைப் பார்ப்பார், அடுத்து என்ன என்பதுபோல. ஒருமுறை அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதற்கேற்ற சைகையைக் காட்டிவிட்டார்.

நாற்பதாம் நாளும் சித்திரையின் முதல் பெரட்டும் ஒரே நாளில் வந்தன.

விடியலில் தப்பு அடித்தது. மேகம் தூறலாக இறங்கிக்கொண்டிருந்தது. பெரட்டுக் களத்தில் ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டு வரிசையில் நின்றார்கள். இராசையாவுக்குப் பக்கத்தில் லெட்சுமி. முதுகில் புதுக் கூடை, அதன் கயிறு தலையில். கூடை அவள் முழங்கால் வரை தொங்கியது. பெரிய கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கினார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குடை வந்தது. பெரட்டை விட்டுப் போன பதினெட்டு வருஷத்தில் கந்தப்பன் அந்தக் களத்தில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. கையில் பள்ளிக்கூடப் பதிவேடு. அவருக்குப் பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்துக் கருப்பம்மா, இடுப்பில் வழக்கம்போல ஒரு குழந்தை.

வாத்தியார் நேரே லெட்சுமியிடம் போய், பதிவேட்டைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். தூறல் ஏட்டில் விழுந்தது. அவர் குடையை நகர்த்தினார். ஏடும் லெட்சுமியும் குடைக்குள் வந்தார்கள். கறுப்புக் கோட்டு வெளியே போனது.

லெட்சுமி ஏட்டைப் பார்த்தாள். விரலை வைத்தாள்.

“லெட்...சுமி” என்றாள். பிறகு கத்தினாள். “லெட்சுமி! அக்கா, என் பேரு! பக்கத்துல இன்னொண்ணும் இருக்கு. கா...ல்... கால்பேர்!”

வரிசை சிரித்தது. வாத்தியார் மட்டும் குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமிக்குக் கால்பேரும் ஒன்றுதான், பட்டமும் ஒன்றுதான். தன் பேருக்குப் பக்கத்தில் இருந்ததையும் தானே படித்துவிட்டாள் என்பதே போதுமாக இருந்தது.

“இருங்க, இருங்க” என்றார் பெரிய கங்காணி. “வராதுன்னு தான் சொன்ன ஒரு புள்ளைக்கும் படிப்பு வந்ததில்லன்னு பொங்கலன்னைக்கு என் வாசல்ல வச்சுச் சொன்னது யாரு? நீங்கதான வாத்தியாரே?”

வாத்தியார் ஆமென்று தலையசைத்தார்.

“அவ பேர அவளுக்குப் பழக்கி வுட்டுருப்பாங்க” என்றார் கணக்கப்பிள்ளை. ஏட்டின் மேல் குனிந்து, இருந்ததிலேயே ஏடாகூடமான ஒரு பேராகப் பார்த்து விரலை வைத்தார். “எங்க, இதப் படி.”

லெட்சுமி பார்த்தாள். முதல் எழுத்தே அவள் சுவரில் எழுதிப் பழகாத எழுத்து. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இராசையா கூடைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தான். லெட்சுமி கருப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கருப்பம்மா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தாள். வரிசை முழுவதும் வாத்தியாரைப் பார்த்தது.

ஊசிக்கல் மலையையே அதிரவைத்த அந்தக் குரல், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும் அளவில் வந்தது.

“அவசரம் இல்ல, தாயி. முன் பெஞ்சுல யாரு யாரு இருக்காங்கன்னு யோசிச்சு, இன்னொரு வாட்டி பாரு.”

லெட்சுமி இன்னொரு வாட்டி பார்த்தாள்.

“ஹு...மை...த்” என்றாள். “ஹுமைத்!”

கணக்கப்பிள்ளை விரலை எடுத்துக்கொண்டார். இராசையா மகளின் வாயையே பார்த்தான். பிறகு அவள் தலையிலிருந்து கயிற்றை விலக்கி, கூடையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். “கங்காணியாரே, அடுத்த பேரக் கூப்புடுங்க” என்றான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஏற்றத்தில் லெட்சுமி குடைக்குள் நடந்துகொண்டே மற்றப் பேர்களையும் படித்துக்கொண்டு போனாள். தப்பாகப் படித்த இடங்களில் நின்றாள். அவள் நின்ற இடத்திலெல்லாம் குடையை நீட்டிப் பிடித்தபடி, நனைந்துகொண்டு, கந்தப்பன் வாத்தியாரும் நின்றார்.